'ஓவர்கம்' வினைச்சொல்லைத் தடுமாறாமல் பயன்படுத்த

வேலைக்கான நேர்காணலில் அடிக்கடி வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு. 'வாட் சேலஞ்சஸ் டிட் யூ ஃபேஸ், அண்டு ஹவ் டிட் யூ ஓவர்கம் தெம்?' என்னென்ன சவால்கள் வந்தன, அவற்றை எப்படித் தாண்டி வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி புரியாதவர்கள் குறைவு. ஓவர்கம் என்ற சொல்தான் நம் பேச்சிலேயே புழங்குகிறதே. "அந்தக் கஷ்டத்தையெல்லாம் ஓவர்கம் பண்ணித்தான் இந்த இடத்துக்கு வந்தேன்" என்பது பேட்டிகளில் கேட்டுப் பழகிய வசனம்.

பதில் சொல்லும்போதுதான் சிக்கல். தமிழில் பேசும்போது 'பண்ணு' எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறது: ஓவர்கம் பண்ணினேன், பண்ணுகிறேன், பண்ணுவேன். ஆங்கிலச் சொல் இருந்த இடத்தை விட்டு அசையாது. ஆங்கிலத்தில் 'பண்ணு' கிடையாது. சொல்லே உருமாற வேண்டும், தனக்குப் பக்கத்தில் எந்தச் சொல் உட்காரலாம் என்பதையும் அதுவே முடிவு செய்யும். இந்த இரண்டு இடங்களில்தான் நாக்கு தடுக்குகிறது.

அடிப்படை ஆங்கிலம் தெரிந்து, பேசவும் எழுதவும் இப்போதுதான் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஒரு நோட்டு இருந்தால் நல்லது.

1. முதலில் எழுத்தும் ஒலியும்

ஓ, வி, இ, ஆர், சி, ஓ, எம், இ. எட்டு எழுத்து, ஒரே சொல். நடுவில் இடைவெளி விட வேண்டாம், சிறு கோடும் வேண்டாம். பிரித்து எழுதினால் வேறு ஏதோ ஆகிவிடும். முன்பின்னாக மாற்றி 'கம் ஓவர்' என்று சொன்னால், "வீட்டுப் பக்கம் வாங்களேன்" என்று கூப்பிடுவதாகப் பொருள்.

சொல்லும்போது அழுத்தம் கடைசியில் விழ வேண்டும். 'ஓவர்' லேசாக, 'கம்' அழுத்தமாக. நாம் பெரும்பாலும் முதல் பாதியை அழுத்தி, பின்பாதியை விழுங்கிவிடுகிறோம்.

2. பொருளைப் பிடித்துக்கொள்வது

நம் ஊரில் ஓவர் என்றாலே அளவு மீறியது என்றுதான் அர்த்தம். "ஓவரா பேசாதே", "ரொம்ப ஓவரா பண்றான்." ஆங்கிலத்திலும் ஓவர்ஈட், ஓவர்லோடு போன்ற சொற்களில் அதே அர்த்தம்தான். ஆனால் ஓவர்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஓவர்டேக், ஓவர்த்ரோ, ஓவர்பவர், ஓவர்ரூல் என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது. முந்துவது, ஆட்சியைக் கவிழ்ப்பது, அடக்கிப் பிடிப்பது, ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்வது. எல்லாவற்றிலும் ஒருவர் கை மேலோங்குகிறது. ஓவர்கம் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. புதுச்சொல்லும் இல்லை, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது.

இதன் பொருளை மிகச் சுத்தமாகக் காட்டுவது இலக்கணப் புத்தகத்தைவிட இயற்பியல் பாடம்தான் என்பேன். அங்கே 'டு ஓவர்கம் ஃப்ரிக்‌ஷன்' என்று வரும். வீடு மாற்றும்போது கனமான இரும்பு பீரோவைத் தள்ளுகிறீர்கள். முதலில் அசையாது. நீங்கள் எவ்வளவு தள்ளுகிறீர்களோ, தரையின் உராய்வும் அதே அளவுக்கு எதிர்த்து நிற்கும். உராய்வால் தாங்கக்கூடிய உச்ச அளவை உங்கள் பலம் தாண்டுகிற கணத்தில் பீரோ நகர்கிறது. அதற்காக உராய்வு மறைந்துவிடவில்லை. கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு கூடவே வருகிறது. உங்களைத் தடுத்து நிறுத்த அதற்குப் போதவில்லை, அவ்வளவே.

ஆகவே ஓவர்கம் வரவேண்டிய இடத்தில் மூன்று சங்கதிகள் இருக்க வேண்டும்: எதிர்த்து நிற்கிற ஒன்று, அதற்கு எதிரான முயற்சி, கடைசியில் முயற்சியின் கை ஓங்கியது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல் தேட வேண்டும். கணக்குப் போடுவதற்கு ஓவர்கம் கிடையாது, 'சால்வ்'. இலக்கை அடைவது 'அச்சீவ்'. தவற்றைத் திருத்துவது 'கரெக்ட்'. ஆபத்து வராமல் ஒதுங்கிப் போவது 'அவாய்ட்'. மோதவே இல்லையே, அப்புறம் வெற்றி எங்கே?

3. மூன்று உருவம்

ஓவர்கம், ஓவர்கேம், ஓவர்கம். நிகழ்காலம், இறந்தகாலம், 'ஹேவ்' உடனோ 'வாஸ்' உடனோ வரும் மூன்றாம் உருவம். முதலும் மூன்றும் ஒன்று, நடுவில் மட்டும் மாறும். 'கம், கேம், கம்' தெரிந்தவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. 'ஓவர்கம்ட்' என்று ஒரு சொல்லே கிடையாது. 'ஹேவ் ஓவர்கேம்' என்பதும் தப்பு, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிலும் சிலர் அப்படி எழுதிவிடுகிறார்கள் என்றாலும்.

இறந்தகாலம் எப்போது, 'ஹேவ்' எப்போது? காலத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்றால் ஓவர்கேம்: 'ஐ ஓவர்கேம் மை ஸ்டேஜ் ஃபியர் இன் காலேஜ்.' எப்போது என்பது முக்கியமில்லை, இப்போது அந்தப் பயம் இல்லை என்பதே செய்தி என்றால் 'ஐ ஹேவ் ஓவர்கம் மை ஸ்டேஜ் ஃபியர்.' இன்னும் முழுசாகப் போகவில்லை என்றால் 'ஐ ஆம் ட்ரையிங் டு ஓவர்கம் இட்' என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். கேட்பவருக்கும் அது பிடிக்கும்.

4. 'ஃப்ரம்' வேண்டாம்

நம்மவர்கள் எழுதும் விண்ணப்பங்களில் நான் அதிகம் அடித்துத் திருத்தும் சொல் இந்த 'ஃப்ரம்' தான். 'ஐ ஓவர்கேம் ஃப்ரம் மை ஃபியர்', 'வி ஓவர்கேம் ஃப்ரம் தட் ப்ராப்ளம்.' காரணம் தெளிவு. தமிழில் பயத்திலிருந்து வெளியே வருகிறோம், கஷ்டத்திலிருந்து மீள்கிறோம். அந்த 'இருந்து' அப்படியே ஆங்கிலத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு ஒரு எளிய வழி. ஓவர்கம் வரும்போதெல்லாம் மனசுக்குள் 'வெல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பயத்தை வென்றேன், தடையை வென்றேன், சோம்பலை வென்றேன். இரண்டாம் வேற்றுமை, 'ஐ' உருபு. அந்த உருபு வருகிற இடத்தில் ஆங்கிலம் பெரும்பாலும் எதையும் போடாது. வினை, உடனே பெயர்: 'ஐ ஓவர்கேம் மை ஃபியர்.' நடுவில் ஃப்ரம் இல்லை, ஓவர் இல்லை, டு இல்லை.

'இருந்து' தான் சொல்லியாக வேண்டும் என்றால் வினையை மாற்றுங்கள். 'ரிக்கவர்' என்ற சொல் ஃப்ரம் கேட்கும்: 'ஷீ ரிக்கவர்ட் ஃப்ரம் டெங்கு.' நோய், அறுவைச் சிகிச்சை, அதிர்ச்சி போன்றவற்றுக்கு அதுவே பொருத்தம்.

இன்னொன்று. ஓவர்கம்முக்குப் பின்னால் நேரடியாக இன்னொரு வினை வராது, பெயர்தான் வேண்டும். 'ஓவர்கேம் டு ஸ்பீக்' என்று சொல்லக்கூடாது. 'ஓவர்கேம் மை ஃபியர் ஆஃப் ஸ்பீக்கிங்' என்று பயத்தை உள்ளே கொண்டுவர வேண்டும்.

5. எதையெல்லாம் ஓவர்கம் செய்யலாம்

தமிழில் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு தனி ஆயுதம் வைத்திருக்கிறோம். தடையைத் தாண்டுகிறோம், கூச்சத்தைப் போக்குகிறோம், எதிர்ப்பை முறியடிக்கிறோம், பயம் தெளிகிறோம், கெட்ட பழக்கத்தை விட்டொழிக்கிறோம். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஓவர்கம் ஒன்றே போதும். அதனால் மொழிபெயர்க்கும்போது 'தாண்டு' என்ற ஒற்றைச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். பின்னால் வரும் பெயரைப் பாருங்கள்.

நோட்டில் எழுதிக்கொள்ள: டிஃபிகல்ட்டி, ஆப்ஸ்டகிள், பேரியர், ப்ராப்ளம், சேலஞ்ச். மனசுக்குள் இருப்பவை: ஃபியர், ஷைனஸ், ப்ரெஜுடிஸ். வெளியே இருந்து வருபவை: ரெசிஸ்டன்ஸ், அப்பொசிஷன், பாவர்ட்டி. அப்புறம் 'அடிக்‌ஷன்', 'இஞ்சுரி' இரண்டும் செய்தித்தாளில் அடிக்கடி வரும். விளையாட்டுப் பக்கத்தில் எதிரணியே இந்த இடத்துக்கு வந்துவிடும்: 'இந்தியா ஓவர்கேம் ஆஸ்திரேலியா' என்றால் போராடி ஜெயித்தது. சுலபமாக ஊதித் தள்ளிய ஆட்டத்துக்கு இந்தச் சொல் அவ்வளவு பொருந்தாது.

ஊனத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டி உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். சிறு வயதில் பேருந்து ஏறி அவருடைய வலது கால் சிதைந்தது. அவரைப் பற்றி 'ஹி ஓவர்கேம் ஹிஸ் டிசபிலிட்டி' என்று எழுதத்தான் எல்லோர் கையும் போகும். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் இந்தப் பிரயோகத்தைத் தவிர்க்கச் சொல்லும் ஆங்கில ஊடக நடைக் கையேடுகள் உண்டு, மாற்றுத்திறனாளிகள் பலருக்கும் இது பிடிப்பதில்லை. அவர்கள் சொல்வது நியாயமாகவே படுகிறது. உடல்நிலை அப்படியேதான் இருக்கிறது, அது அவர் மோதி வீழ்த்திய எதிரி இல்லை. அவர் வென்றது வறுமையை, வசதியின்மையை. 'ஹி ஓவர்கேம் பாவர்ட்டி டு பிகம் அ பாராலிம்பிக் சாம்பியன்' என்று எழுதினால் உண்மையும் கெடாது, யார் மனமும் புண்படாது.

6. வாக்கியம் தலைகீழாகும் இடம்

புதியவர்கள் தவறாமல் ஏமாறும் இடம் இது. கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் "விஷவாயு தாக்கி மயங்கினர்" என்று தமிழ் நாளிதழில் ஒரு செய்தி. அதே செய்தி ஆங்கில நாளிதழில் இப்படி வரும்: 'த வொர்க்கர்ஸ் வேர் ஓவர்கம் பை டாக்ஸிக் ஃப்யூம்ஸ்.' ஓவர்கம் என்றால் வெற்றி என்று மட்டும் படித்தவர், தொழிலாளர்கள் வாயுவைச் சமாளித்துத் தப்பித்துவிட்டார்கள் என்று நினைப்பார். நடந்தது நேர் எதிர். 'வேர்' வந்துவிட்டது, செயப்பாட்டு வினை. வென்றது வாயு, வீழ்ந்தது தொழிலாளர்கள். உயிர் போனதா, மயக்கம் மட்டும்தானா என்பதை இந்தச் சொல் சொல்லாது. அடுத்த வரியைப் படித்தாக வேண்டும்.

ஆக, விதி இதுதான்: ஓவர்கம்முக்கு முன்னால் வாஸ், வேர், ஈஸ், ஆர் ஏதாவது இருந்தால் எழுவாய் தோற்றிருக்கிறது. 'த ப்ராப்ளம் வாஸ் ஓவர்கம்' என்றால் பிரச்சினை தோற்றது, நல்ல செய்தி. 'த ஃபயர்மேன் வாஸ் ஓவர்கம் பை ஸ்மோக்' என்றால் தீயணைப்பு வீரர் புகையில் சாய்ந்தார், கெட்ட செய்தி. சொல் ஒன்றுதான், யார் எழுவாய் என்பதைப் பொறுத்து நல்லதும் கெட்டதும் மாறுகிறது.

இரண்டு திசையையும் ஒரே வாக்கியத்தில் பார்க்க வேண்டுமா? 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், ரோமர் 12:21: 'பீ நாட் ஓவர்கம் ஆஃப் ஈவில், பட் ஓவர்கம் ஈவில் வித் குட்.' தீமை உன்னை வெல்ல விடாதே, நன்மையைக் கொண்டு நீ தீமையை வெல். முதல் பாதி செயப்பாட்டு, இரண்டாம் பாதி செய்வினை. முதல் பாதியில் உள்ள 'ஆஃப்' பழைய வழக்கு, இன்றைக்கு அங்கே 'பை' போடுவோம்.

உணர்ச்சிகளும் இதே வழியில்தான் வருகின்றன. துக்கம் தொண்டையை அடைத்தது, நா தழுதழுத்தது, சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை என்று நாம் சொல்லும் இடங்களில் ஆங்கிலம் 'ஷீ வாஸ் ஓவர்கம் வித் க்ரீஃப்', 'ஓவர்கம் வித் ஜாய்', 'ஓவர்கம் வித் எமோஷன்' என்று சொல்லும். உணர்ச்சி அவரை மேற்கொண்டுவிட்டது. 'வித்' போடுவதா, 'பை' போடுவதா? உணர்ச்சிக்கு இரண்டும் சரி, 'வித்' கூடுதலாகப் புழங்குகிறது. புகை, வாயு, வெயில் போல வெளியிலிருந்து தாக்குபவற்றுக்கு 'பை' மட்டும் போடுங்கள்.

7. எதிரியின் பெயர் இல்லாமல் வரலாமா

வரலாம். ஆனால் அது மேடைக்குரிய நடை. 1965 மார்ச் 7 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலம் செல்மாவில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் போலீசார் பாலத்தில் மறித்து அடித்தார்கள். எட்டு நாள் கழித்து, மார்ச் 15 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் வாக்குரிமைச் சட்டம் வேண்டும் என்று பேசினார். பேச்சின் நடுவே, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய இயக்கத்தினர் பாடிவந்த முழக்கத்தையே எடுத்து, 'அண்டு வி ஷல் ஓவர்கம்' என்றார். எதை வெல்வோம் என்பது அந்த மூன்று சொல் முழக்கத்தில் இல்லை. அவைக்குள் இருந்தவர்களுக்கும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் சட்டமும் வந்தது.

நாடே அறிந்த எதிரி இருந்தால் இப்படிப் பேசலாம். அலுவலக மின்னஞ்சலில் 'வி வில் ஓவர்கம்' என்று மொட்டையாக முடித்தால், எதை என்று மேலாளர் திருப்பிக் கேட்பார்.

8. பக்கத்து வீட்டுச் சொற்கள்

'ஃபேஸ்', 'டேக்கிள்', 'ஓவர்கம்' மூன்றையும் காலவரிசையாக நினைவில் வையுங்கள். பிரச்சினை எதிரே வந்து நிற்பது ஃபேஸ். சட்டையை மடித்துக்கொண்டு அதில் இறங்குவது டேக்கிள். முடித்துக் கரையேறுவது ஓவர்கம். டேக்கிள் செய்தேன் என்றால் முடிவு இன்னும் தெரியவில்லை.

'கோப் வித்' என்பது ஓவர்கம்மின் பரம ஏழைச் சொந்தக்காரர். பிரச்சினை தீராது, ஆனாலும் எப்படியோ நாளை ஓட்டுகிறோம். "ஏதோ சமாளிக்கிறேன்" என்ற பெருமூச்சு அதில் இருக்கிறது. தமிழ்ச் 'சமாளி' இந்த இரண்டு அர்த்தத்துக்கும் வருவதால் மொழிபெயர்க்கும்போது கவனம்: சமாளித்துக்கொண்டே இருக்கிறாரா, சமாளித்து முடித்துவிட்டாரா?

'கெட் ஓவர்' பேச்சு வழக்கு. காய்ச்சல், காதல் தோல்வி, ஏமாற்றம் எல்லாவற்றுக்கும் வரும். 'கெட் ஓவர் இட்' என்று எதிரில் இருப்பவரிடம் சொன்னால் "விட்டுத் தொலை, இன்னும் எத்தனை நாளைக்கு" என்கிற தொனி வந்துவிடும். துக்க வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

'சர்மவுண்ட்' பிரெஞ்சு வழியாக வந்தது, மேலே ஏறிக் கடப்பது என்பது அதன் வேர். தலையங்கத்தில் அழகாக இருக்கும், பேச்சில் செயற்கையாக ஒலிக்கும். ஆனால் அதன் பேரப்பிள்ளை ஒன்று நிச்சயம் தேவைப்படும். தாண்டவே முடியாத தடை என்பதற்கு ஓவர்கம்மிலிருந்து யாரும் புழங்குகிற பெயரடை இல்லை, 'இன்சர்மவுண்டபிள்' என்றுதான் சொல்வார்கள்.

9. நேர்காணலில் சொல்லிப் பார்ப்பது

'வென் ஐ ஜாயின்ட் காலேஜ், ஐ வாஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஸ்பீக்கிங் இங்கிலீஷ். ஐ ஓவர்கேம் திஸ் ஃபியர் பை ரீடிங் த நியூஸ்பேப்பர் அலவுட் எவ்ரி மார்னிங். பை த தேர்ட் இயர், ஐ வாஸ் ஆங்கரிங் டிபார்ட்மென்ட் ஈவென்ட்ஸ்.'

மூன்றே வாக்கியம். முதலில் எதிரி யார் என்று சொல்கிறது. இரண்டாவதில் ஓவர்கேம், அதோடு ஒட்டி 'பை', அதன் பின் 'இங்' விகுதியோடு ஒரு செயல். மூன்றாவது, வென்றதற்குச் சாட்சி. இதில் உயிர்நாடி அந்த 'பை' தான். அது இல்லாமல் 'ஐ ஓவர்கேம் ஆல் மை ப்ராப்ளம்ஸ்' என்று சொல்பவரை யாரும் நம்புவதில்லை. கேட்பவர் அடுத்து 'ஹவ்?' என்று கேட்டே தீருவார். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது உத்தமம். உங்கள் சொந்த அனுபவத்தை வைத்து இதே அச்சில் ஒன்று எழுதி, வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பாருங்கள். ஒரு பதிலில் ஓவர்கம் ஒரு தடவை வந்தால் போதும்.

10. பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஓவர்கம் வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அ. என் கூச்சத்தை எப்படிப் போக்கிக்கொள்வது?
ஆ. அவர் டெங்குவிலிருந்து மீண்டுவிட்டார்.
இ. பேரனைப் பார்த்ததும் பாட்டிக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை.
ஈ. பலத்த எதிர்ப்பை முறியடித்து அவர்கள் பள்ளியைக் கட்டினார்கள்.
உ. இந்தக் கணக்கை என்னால் போட முடியவில்லை.
ஊ. வெயில் தாங்காமல் இரண்டு ஓட்டக்காரர்கள் சுருண்டு விழுந்தார்கள்.

விடைகள். அ: 'ஹவ் டூ ஐ ஓவர்கம் மை ஷைனஸ்?' ஆ: 'ஹி ஹேஸ் ரிக்கவர்ட் ஃப்ரம் டெங்கு.' இ: 'கிராண்ட்மா வாஸ் ஓவர்கம் வித் ஜாய் வென் ஷீ சா ஹெர் கிராண்ட்சன்.' ஈ: 'தே ஓவர்கேம் ஸ்ட்ராங் அப்பொசிஷன் அண்டு பில்ட் த ஸ்கூல்.' உ: 'ஐ குடுன்ட் சால்வ் திஸ் சம்.' ஊ: 'டூ ரன்னர்ஸ் வேர் ஓவர்கம் பை த ஹீட்.' கடைசியில் 'வேர்' போடாமல் 'டூ ரன்னர்ஸ் ஓவர்கேம் த ஹீட்' என்று எழுதியிருந்தால், விழுந்தவர்களைப் பந்தயத்தில் ஜெயிக்க வைத்துவிட்டீர்கள். ஆறாம் படியை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள்.